ஒன்பதுக்கு ஏழு

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 5க்கு ஒன்றரை. அந்த அரை எதற்கு என்பது பின்னால் வரும். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கும்பகோணம் அப்படியொன்றும் பெரிய ஊர் இல்லை, அந்தக் கடைக்காரரை வாரத்துக்கு இரண்டு தடவையாவது காய்கறிக் கடையிலோ கோயில் வாசலிலோ எதிரில் பார்க்கிறேன். பெயர் இல்லாமல் படித்தாலும், பழைய சைக்கிளை ஓவராயிலுக்கு விடப்போகிறவர்களுக்கு இது உதவும்.

ஓவராயில் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். வண்டியை முழுசாகப் பிரித்துக் கழுவி மாட்டும் ஓவராலிங் என்ற சொல் எப்போதோ ஓவராயில் ஆகிவிட்டது. ஆயில் போடுகிற வேலைதானே, பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேருக்கேற்றபடி ஆயிலை மட்டும் ஊற்றி அனுப்பிவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

வண்டி அப்பாவுடையது. 1983இல் வாங்கிய ஹெர்குலிஸ், 22 இஞ்ச் ஃபிரேம், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் கம்பி பிரேக், 28க்கு ஒன்றரை டயர். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்தது. முருகப்பா குழுமம் 1949இல் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. திருபுவனத்துத் தறிகளுக்குப் பட்டு நூல் எடுத்துப் போவது அப்பாவின் வேலை. போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு கிலோமீட்டர், கேரியரில் நூல் மூட்டை. அந்த வண்டியில்தான் பாருக்கு அடியில் காலை விட்டு குரங்கு பெடல் போட்டுப் பழகினேன். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது நான் ஓட்டுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். அரசலாற்றுப் பாலம் ஏறி, சாக்கோட்டை தாண்டிப் போக வேண்டும். சுடிதார் போட்டுக்கொண்டு பார் வைத்த வண்டியில் போகிறாளே என்று ஆரம்பத்தில் பேசினார்கள். பத்து வருஷத்தில் அவர்களுக்கே அலுத்துவிட்டது. ஸ்கூட்டி ஒன்று வீட்டில் நிற்கிறது. மகள்தான் எடுக்கிறாள்.

வழக்கமாக வண்டியைப் பார்ப்பவர் தாராசுரம் போகும் ரோட்டோரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன். ஒரு மரப்பெட்டி, ஒரு பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தகரத் தொட்டி, அவ்வளவுதான் கடை. கண் ஆபரேஷன் என்று அவர் இரண்டு மாதம் வரவில்லை. மழைக்காலம் முடிந்திருந்தது, செயின் துருவேறி அழுதது. வேறு வழியில்லாமல் கடைத்தெருப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைக்குப் போனேன். வாசலில் கியர் சைக்கிள்கள் கலர் கலராக நிற்கும் கடை.

"இதையா ஓவராயில் பண்ணணும்? லேடீஸ் வண்டி ஒண்ணு எடுத்துக்கலாமே மேடம், எக்ஸ்சேஞ்ச் போட்டுத் தரேன்" என்றார் முதலாளி. வேண்டாம் என்றேன். "அப்ப முழுசா பிரிச்சு மாட்டிடலாம். நாலு நாள்." சரி என்றேன். பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃபிரிவீலில் ஒரு பல் பாதி உடைந்திருக்கிறது, ஏற்றத்தில் அழுத்தினால் செயின் வழுக்குகிறது, அதை மாற்றியே ஆக வேண்டும் என்று குறிப்பாகச் சொன்னேன். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு நாள் ஒன்பது நாள் ஆனது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வண்டி துடைத்துப் பளபளவென்று நின்றது, செயின் கவரில் பெயின்ட் தொட்டு வைத்திருந்தார்கள். பில் இப்படி: கூலி 700, டயர் இரண்டு 760, டியூப் இரண்டு 300, செயின் 220, பெடல் செட் 180, ஃபிரிவீல் 160, பிரேக் கட்டை 60, அச்சில் உருளும் இரும்புக் குண்டுகளான பால்ஸ் 60, காட்டர் பின் இரண்டு 40. மொத்தம் ரூ. 2,480. பேரம் பேசவில்லை. பையனுக்கு டீச்செலவு என்று 50 ரூபாய் வேறு கொடுத்தேன், பெரிய மனசு.

பழைய சாமான் எங்கே என்று கேட்டேன். "காயலான் கடைக்குப் போயிருச்சு மேடம்." அப்பாவின் காலடியில் ஒரு பக்கம் சரிந்து தேய்ந்துபோன ரப்பர் பெடல் அது. முன்கூட்டியே சொல்லாதது என் தப்புதான். நீங்கள் வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள், கழற்றிய ஒவ்வொன்றும் ஒரு பையில் கைக்கு வர வேண்டும் என்று. காசுக்காக இல்லை. மாற்றினோம் என்று அவர்கள் சொல்வதற்கு அந்தப் பைதான் சாட்சி.

கடையிலிருந்து வீடு ஒன்றரை கிலோமீட்டர். பாதியிலேயே கால் என்னவோ மாதிரி இருந்தது. வலது காலை அழுத்தினால் சீராகப் போகிறது, இடது கால் மேலே வரும்போது ஒரு தாமதம், ஒரு சின்ன நொண்டல். செருப்பு சரியில்லையோ என்று நிறுத்திப் பார்த்தேன். மறுநாள் காலை பாலம் ஏறும்போது பின்சக்கரத்திலிருந்து கடகடவென்று சத்தம். கல்லை அரைக்கிற மாதிரி இல்லை, சோழியைக் குலுக்குகிற மாதிரி. இறக்கத்தில் பிரேக் பிடித்தேன். ரிம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கட்டையில் உரசி விட்டுவிட்டுப் பிடித்தது. வண்டி தலையாட்டிக்கொண்டே இறங்கியது.

அன்று சாயந்திரம் கடைக்குப் போனேன். பையன் வண்டியைச் சாய்த்து, பெடல் கையை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னின் தலையில் சுத்தியலால் நாலு போடு போட்டான். "ஓட்ட ஓட்ட செட் ஆயிரும் அக்கா." காட்டர் பின் புதிதாகப் போட்டால் கொஞ்சம் ஓடிய பிறகு ஒரு தடவை அடித்து இறுக்க வேண்டும், அது உண்மை. ஆனால் அது தளர்ந்துபோன பின்னுக்கு வைத்தியம். திருப்பிப் போட்ட பின்னை எத்தனை அடி அடித்தாலும் அது திருப்பிப் போட்ட பின்தான். இது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு வாரம் ஓட்டினேன். செட் ஆகவில்லை, இடது முட்டிதான் வலித்தது. இரண்டாவது தடவை போனபோது முதலாளியே வந்து பார்த்தார். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "நாப்பது வருஷத்து வண்டி மேடம், சத்தம் வரத்தான் செய்யும்" என்றார். வண்டிக்கு நாற்பது வருஷம் சரி, சத்தத்துக்கு எட்டு நாள்தானே ஆகிறது என்றேன். மூன்றாவது தடவை போனபோது அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். வைப்பதற்கு முன் சொன்னது: "வீட்ல சார் இருந்தா வரச் சொல்லுங்க, நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்."

சார் வந்து என்ன செய்வார்? எங்கள் வீட்டு சாருக்குச் சைக்கிள் விடவே தெரியாது.

வேப்பமரத்தடிக்கு அண்ணன் திரும்பி வந்ததும் அங்கே போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டு வலது பெடலை நேர் கீழே நிறுத்தினார். "இந்தப் பக்கம் வந்து பாரும்மா." இடது பெடல் நேர் மேலே, பன்னிரண்டு மணியில் நிற்க வேண்டும். அது பதினொன்றரையில் நின்றது.

அந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், கம்பி பிரேக் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தேவைப்படும். பெடலைத் தாங்குகிற இரும்புக் கைதான் கிராங்க். அதை நடு அச்சோடு பிணைப்பது காட்டர் பின், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஆணி. அதன் ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும். அந்தச் சரிவு அச்சில் வெட்டியிருக்கும் தட்டை இடத்தில் உட்கார்ந்து இறுகும். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். வலது கிராங்க் முன்னால் நீட்டியிருக்கும்போது அதன் நட் வானத்தைப் பார்த்தால், பின்னால் நீட்டியிருக்கும் இடது கிராங்கின் நட் தரையைப் பார்க்க வேண்டும். என் வண்டியில் இரண்டுமே வானத்தைப் பார்த்தன. ஒன்று சரி, ஒன்று தலைகீழ். அதனால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் இல்லை. பத்து நாளாக நான் நொண்டிக்கொண்டே மிதித்திருக்கிறேன்.

பார்க்க ஒரு நிமிஷம் கூட ஆகாது. கடையை விட்டு வண்டியை வெளியே எடுப்பதற்கு முன் ஒரு பெடலைக் கீழே நிறுத்தி, நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

"பின்வீல் சத்தமும் கேக்குது அண்ணே" என்றேன். சக்கரத்தைக் கழற்றினார். அச்சைப் பிடித்து ஆட்டினார், ஆடியது. பால்ஸை உள்ளே பிடித்து வைக்கும் கோனைத் திருகி எடுத்ததும் மஞ்சள் கிரீஸ், பார்க்கப் புதிதாக, வெண்ணெய் மாதிரி. விரலால் வழித்தார். அடியில் கறுப்பாகப் பழைய கிரீஸ், மணலோடு. புதுசை அப்படியே மேலே பூசியிருக்கிறார்கள். பல் தேய்க்காமல் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பின மாதிரி.

அப்பா பொங்கலுக்கு முந்தின வாரம் திண்ணையில் உட்கார்ந்து வண்டியை அவரே பிரிப்பார். கொட்டாங்குச்சியில் மண்ணெண்ணெய் ஊற்றி, பால்ஸை அதில் போட்டு, துணியில் உருட்டித் துடைப்பது அவர் வேலை. எண்ணித் தருவது என் வேலை. எத்தனை என்பது மறந்துவிட்டது, எண்ணியது மட்டும் நினைவிருந்தது. இப்போது பிழைப்பே எண்ணுவதுதான். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு மாத்திரை எண்ணிக் கவரில் போடுகிறேன் என்று எனக்கே கணக்கில்லை. கை தானாக அய்ந்து அய்ந்தாகத் தள்ளும்.

அண்ணன் டீசலில் கழுவிப் பழைய செய்தித்தாளில் கொட்டினார். செயின் பக்கத்தில் பால்ஸ் உட்காரும் கிண்ணத்திலிருந்து எட்டு. மறுபக்கத்திலிருந்து ஏழு.

"எத்தனை இருக்கணும் அண்ணே?"

"பின்வீலுக்குக் கால் இஞ்ச் பால்ஸ், பக்கத்துக்கு ஒன்பது."

ஒன்பதுக்கு ஏழு. பால்ஸ் குறைந்தால் உடனே வண்டி நின்றுவிடாது, அதுதான் இதில் இருக்கிற வசதி. கிரீஸ் பிடித்து வைத்திருக்கும், சக்கரம் சுற்றும், கடை வாசலில் சுற்றிக் காட்டும்போது வழவழவென்றுதான் தெரியும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஒன்பது தாங்க வேண்டிய பாரத்தை ஏழு தாங்கும். நடுவில் இருக்கும் இடைவெளியில் அவை உருண்டு ஒன்றோடொன்று மோதும், என் சோழிச் சத்தம் அதுதான். நாள்பட்டால் கோனில் குழி விழும், கிண்ணமும் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தேன். நாலு புதுசு, கண்ணாடி மாதிரி முகம் தெரிந்தது. மீதி பதினொன்றும் பழசு, மேலே அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிப் புள்ளியாக.

நடு அச்சையும் திறந்தார். அங்கே பக்கத்துக்குப் பதினொன்று. இடது பக்கம் ஒன்பது இருந்தது. வலது பக்கம் பதினொன்றும் சரியாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பக்கத்தை யாரும் திறக்கவே இல்லை. அப்பா காலத்துக் கிரீஸே இருந்திருக்கும் போல, தார் மாதிரி.

அப்புறம் ஃபிரிவீல். அதைக் கழுவிக் கையில் கொடுத்தார். பளபளவென்றிருந்தது. மெதுவாகச் சுற்றினேன். பாதி உடைந்த பல் வந்து என்னைப் பார்த்தது.

அந்தப் பல்லைப் பார்த்த பிறகுதான் கோபம் வந்தது. அதுவரை அவசரத்தில் செய்திருப்பார்கள், பையன் புதுசு, கம்பி பிரேக் வண்டியே இப்போது யார் கொண்டுவருகிறார்கள் என்றெல்லாம் நானே அவர்களுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். காட்டர் பின்னைத் தலைகீழாகப் போடுவது தெரியாமை. பால்ஸைக் குறைப்பதைக்கூட அலட்சியம் என்று விட்டுவிடலாம். கழுவிய பழைய ஃபிரிவீலுக்கு 160 ரூபாய் பில் போடுவதற்கு வேறு பெயர் உண்டு. இவள் எங்கே திறந்து பார்க்கப் போகிறாள் என்ற தைரியம்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். டயர் இரண்டும் நல்ல டயர், கோணாமல் உட்கார்ந்திருந்தது. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். தெரியாதவன் வலது பக்கம் போலவே திருகிக் கிராங்கின் மரையைத் தின்றுவிடுவான், பையன் அதைச் சரியாகச் செய்திருந்தான். அப்புறம், கேட்காமலே பில் கொடுத்தார்கள். அந்த அரை மதிப்பெண் பில்லுக்கு. அது இல்லையென்றால் மேற்கொண்டு நடந்தது நடந்திருக்காது.

வக்கீலாக இருக்கும் தங்கை மகன், பில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம் பெரியம்மா, அய்ந்து லட்சத்துக்கு உட்பட்டதென்றால் கட்டணமும் கிடையாது, அதற்கு முன் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டு ஒரு புகார் பதிந்துவிடுங்கள் என்றான். ஃபிரிவீலும் பால்ஸும் சேர்ந்த 220 ரூபாய்க்குத் தஞ்சாவூருக்கு நடையா என்றிருந்தது. எண் மட்டும் மனதில் நின்றது.

அண்ணனிடம் அந்தப் பால்ஸையெல்லாம் வாங்கி ஒரு மருந்துக் கவரில் போட்டேன். எங்கள் கவரில் காலை, மதியம், இரவு என்று அச்சடித்திருக்கும். காலை என்ற இடத்தில் ‘பின்வீல்: வேண்டியது 18, இருந்தது 15’ என்று எழுதினேன். மதியத்தில் ‘நடு அச்சு: வேண்டியது 22, இருந்தது 20’. இரவில் ‘ஃபிரிவீல்: பழையது’. பழக்கதோஷம், கடைசியில் தேதியும் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம், கடையில் நாலு பேர் இருந்தார்கள். கவரைக் கல்லாவில் வைத்தேன். பக்கத்தில் பில். அதன்மேல் ஃபிரிவீல், உடைந்த பல் அவர் பக்கம் பார்க்கும்படி. சத்தம் போடவில்லை. "எண்ணிக்கங்க சார்" என்றேன்.

அவர் எண்ணவில்லை. ஃபிரிவீலை ஒரு தடவை சுற்றினார், பல் வந்ததும் விரல் நின்றது. "பையன் மாத்தியிருப்பான்னு நெனச்சேன்" என்றார். பையன் பின்னால் நின்றுகொண்டு தரையைப் பார்த்தான். மாற்றினதாகப் பில்லில் எழுதியிருப்பது உங்கள் கையெழுத்துதானே என்றேன். ஸ்கூட்டரில் வந்திருந்த ஒருவர் பில்லை எட்டிப் பார்த்தார். முதலாளி கல்லாவைத் திறந்து இருநூற்று இருபதை எடுத்து வைத்தார், ஃபிரிவீலுக்கு 160, பால்ஸுக்கு 60. வாயால் தப்பு என்று வரவில்லை. "டீ சாப்பிடுறீங்களா மேடம்?" என்று வந்தது. வேண்டாம் என்றேன். கூலி 700ஐப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. செய்த வேலைக்குத்தான் கூலி, பிரிக்காத வலது பக்கத்துக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

வண்டியை எடுக்கும்போது பையன் வெளியே வந்தான். பதினெட்டு வயதுகூட இருக்காது. திட்டுவானோ என்று நினைத்தேன். "அக்கா, முன்வீலுக்கு எத்தனை?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. முன்வீலை நாங்கள் திறக்கவில்லை, அது சத்தம் போடவும் இல்லை. கடையில் யாரும் சொல்லித் தரலையா என்றேன். "கியர் வண்டி மாட்டத்தான் கத்துக்குடுத்தாங்க. பெட்டியில வரும், ஹேண்டில்பாரையும் பெடலையும் மாட்டினா முடிஞ்சுது. இந்த வண்டி நான் பிரிச்ச முதல் வண்டி." பால்ஸ் கடையில் இருந்ததே நாலுதான் என்றும், முதலாளியிடம் கேட்டதற்கு ‘இருக்கிறதைப் போட்டு மூடுடா’ என்று பதில் வந்தது என்றும் சொன்னான். உண்மையா என்று தெரியாது, என்னிடம் சொன்னது இது. வேப்பமரத்தடி அண்ணனின் இடத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையும் இருப்பார் என்றும் சொன்னேன்.

அண்ணன் வாங்கியது புது ஃபிரிவீல், நாற்பது பால்ஸ், காட்டர் பின் ஒன்று, சக்கரத்தின் கோணலை நிமிர்த்திப் பெண்டு எடுத்தது எல்லாம் சேர்த்து 480. பெண்டு எடுக்க மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. சக்கரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த வண்டியில் மாட்டி, போக்ஸ் கம்பி ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிக் காதால் கேட்டுத் திருகினார். கண் ஆபரேஷன் ஆன மனுஷன், கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தார். பின்சக்கரத்தில் நாற்பது கம்பி, நாற்பதும் ஏறக்குறைய ஒரே சத்தம் வரும்வரை விடவில்லை. பில் கொடுக்கவில்லை. கேட்டால் சிரிப்பார்.

மறு வாரம் காற்றடிக்கப் போனபோது, மரத்தடியில் தகரத் தொட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பையன் குத்தவைத்து உட்கார்ந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். "முன்வீல் பால்ஸ் சின்னது அக்கா, பக்கத்துக்குப் பத்து" என்றான், தலையைத் தூக்காமல்.